பேச்சியின் இரைச்சல்

எண்பத்து நாலில், பிள்ளைகளின் இதயத்தைப் படமாகக் காட்டும் மெஷினை வேனில் ஏற்றிக்கொண்டு கொழும்பிலிருந்து ஒரு லேடி டாக்டர் பதுளைக்கு வந்துபோவார். படத்தில் தெரியும் கோளாறு எவ்வளவு பெரிதோ, அதற்கேற்பப் பத்துக்குள் ஒரு நம்பர் சொல்வார்.

பசறைப் பக்கம் தேயிலைக் கொழுந்தெடுக்கும் நல்லம்மாவின் மகள் பேச்சிக்குப் போன தடவை ஒன்பது. இதயத்தில் ஓட்டை. நெஞ்சில் காது வைத்தால் ‘உஸ்ஸ்… டக்’ என்று இரையும், நடுநடுவே விக்கும். இந்தத் தடவை வரும்போது பஸ்ஸில்கூட நல்லம்மா காது வைத்து அதைக் கேட்டாள்.

டாக்டர் வெகுநேரம் திரையைப் பார்த்துவிட்டு, “ஒண்ணு” என்றார்.

“ஒண்ணுதானாங்க? போன தடவை ஒம்பது வாங்கினாளே!”

“குறைஞ்சாத்தாம்மா நல்லது. ஓட்டையைக் காணோம்.”

நல்லம்மா மகளின் நெஞ்சில் காதை வைத்தாள். வெறும் ‘டக், டக்’தான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அவர்கள் வெளியே வந்தபோது மெஷினை வேனில் ஏற்றியிருந்தார்கள். அதன் கரண்ட் வயர் சுருட்டி மேலேயே கிடந்தது. ஆனாலும் மெஷினுக்குள்ளேயிருந்து ‘உஸ்ஸ்… டக்’ என்று கேட்டது. நடுவே விக்கியது.

பேச்சி நின்றுவிட்டாள். “அம்மா, அது என்னோடது.”

“பேசாம வா. பஸ் போயிரும்.”

கதவைச் சாத்திய டிரைவர் நல்லம்மாவைப் பார்த்துச் சிரித்தார். “நாளைக்கு வெலிமடை. அங்க நெறைய புள்ளைங்க காத்திருக்குதுங்க.”

அந்த மெஷினை அங்கே பிள்ளைகளிடம் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்ல நல்லம்மா வாயெடுத்தாள். அதற்குள் பேச்சி பஸ்ஸுக்குப் போகும் மேட்டில் ஓட ஆரம்பித்திருந்தாள். உச்சியில் நின்று, கொஞ்சமும் மூச்சு வாங்காமல், “வாம்மா!” என்று கூப்பிட்டாள்.

நல்லம்மா வாயை மூடிக்கொண்டு ஓடினாள்.