செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி

“இண்டைக்கு என்ன வருத்தம் கொண்டு வந்தனீ?”

இரகுநாதன் தலை நிமிராமலே கேட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு அவர் வந்து எட்டு மாதம் ஆகிறது. டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுக்கிற வேலைதான். ஆனாலும் தோட்டத்தில் எல்லோரும் அவரை டாக்டரய்யா என்றார்கள். அவரும் அதை ஒருநாளும் திருத்தியதில்லை.

“வயித்து வலிங்கய்யா,” என்றாள் இராக்கம்மா. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கூடையும் கையுமாக நேரே வந்திருந்தாள்.

“போன செவ்வாயும் வயித்து வலி. அதுக்கு முந்தின செவ்வாய்?”

“தலைவலிங்க.”

“அதுக்கு முதல்?”

“மறந்து போச்சுங்க.”

பின்னால் நின்ற பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். வரிசை வாசலைத் தாண்டி, தூறலில் நனைந்தபடி, பாதை வரை நீண்டிருந்தது.

“கொதிச்சாறின தண்ணி குடிக்கச் சொன்னனானெல்லோ?”

“வெறகெல்லாம் நனஞ்சு கெடக்குங்க.”

“சாட்டுச் சொல்லாதை. காலமை ஒரு முட்டை, ஒரு தம்ளர் பால்?”

“கோழி இருந்தா முட்டை, மாடு இருந்தா பாலுங்கய்யா.”

“எட்டு மணித்தியாலம் நித்திரை?”

“விடியிறதுக்கு முன்னாடியே பெரட்டுக்கு ஆள் எண்ணணும்னு தப்படிச்சு எழுப்பி விட்டுர்றாங்களே.”

“சரி, யன்னலையாவது திறந்து வைச்சுப் படுக்கிறனியோ?”

“லயத்துல ஜன்னலே இல்லீங்களே.”

இரகுநாதன் பேனாவை மேசையில் போட்டார். இந்தச் சனம் வரிசை வரிசையாகக் குடியிருக்கும் லயங்களுக்குள் அவர் ஒருநாளும் போனதில்லை. போகாமலே தெரிந்துகொள்ளக்கூடியது எவ்வளவோ இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

“உங்களுக்குப் புத்தி சொல்லிச் சொல்லி என்ரை தொண்டைதான் காயுது. எழுத்தும் தெரியாது, சுத்தமும் தெரியாது.”

“ஆமாங்கய்யா.”

வெளியே கடுகடுத்தாலும் உள்ளுக்குள் அவருக்குப் பெருமைதான். அவர் வருவதற்கு முன் வாரத்துக்குப் பத்துப் பேர்கூட டிஸ்பென்சரிப் படி ஏறியதில்லையாம். இப்போது செவ்வாய்க்கிழமை வந்தால் நூறு பேருக்குக் குறைவதில்லை. ‘எனது சுகாதாரப் போதனைகளின் பலனாக, தொழிலாளர்கள் மருத்துவத்தின் அருமையை உணரத் தொடங்கிவிட்டார்கள்’ என்று தோட்டத்தை நடத்தும் துரைக்கு எழுதியிருந்தார். துரையும் இரண்டு வரியில் பாராட்டியிருந்தார். அந்த இரண்டு வரிக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, நோயாளிகள் பார்க்கும்படி சுவரில் மாட்டியாகிவிட்டது.

“போத்தல் கொண்டு வந்தனியோ? மிக்ஸ்சர் தாறன்.”

“தண்ணி மருந்து கொமட்டுதுங்கய்யா. தூளாவே குடுங்க. மூணு வேளைக்கும் தனித்தனியா மடிச்சுக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்.”

“மருந்திலையும் ருசி பாக்கிற ஆளோ நீ?” என்று முணுமுணுத்தபடி மூன்று பொட்டலம் மடித்தார். “சிந்தாமல் குடி. விலை கூடின மருந்து.”

“ஒண்ணக்கூட வீணாக்க மாட்டேங்கய்யா.”

இரு கையாலும் வாங்கி, மழை படாமல் மடியில் செருகிக்கொண்டு இராக்கம்மா வெளியேறினாள்.

“அடுத்த ஆள்! உனக்கு என்ன?”

“வயித்து வலிங்கய்யா,” என்றாள் மாரியாயி.

இராக்கம்மா தன் வீட்டுக்குப் போகவில்லை. மூன்றாம் லயத்துக் கோடியில் இருந்த அழகையா வாத்தியாரின் வாசலுக்கு ஓடினாள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர் அவர். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவரும் அந்த லயங்களில் அவர் ஒருவர்தான்.

“பதுளையிலேருந்து கடுதாசி வந்திருக்கு, இராக்கம்மா,” என்றார் அழகையா. “பிரஜா உரிமை விசாரணை வெள்ளிக்கிழமை. முப்பத்தொம்பதாம் வருசத்துக்கு முன்னாடியே நீ இங்க இருந்தேங்கிறதுக்கு எழுத்துல சாட்சி வேணுமாம்.”

“இல்லாட்டி?”

“உங்க அக்காவுக்குச் சொன்னதுதான் உனக்கும்.”

அக்காவின் மனு தள்ளுபடியாகி ஒரு மாதம்தான் ஆகிறது. பிறந்ததும் வளர்ந்ததும் இதே லயம். ஆனால் நீ இந்த நாட்டுக்காரி இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். சாட்சி கேட்டுத் தோட்ட ஆபீசுக்குப் போனபோது, பழைய புத்தகங்களையெல்லாம் எப்போதோ கறையான் தின்றுவிட்டது என்று பெரிய கிளாக்கர் விரட்டியிருந்தார்.

இராக்கம்மா வாசலிலேயே குந்தினாள். மடியிலிருந்து பொட்டலங்களை எடுத்தாள். ஒவ்வொன்றாகப் பிரித்து, விலை கூடின மருந்து முழுவதையும் லயத்து ஓரமாக ஓடும் சாக்கடைக் கானில் தட்டினாள். அவளுக்கு முன்னால் வந்துபோனவர்கள் கொட்டியதில் கான் தண்ணீர் ஏற்கெனவே வெளுத்திருந்தது.

பிறகு, தூள் போக உதறிய மூன்று காகிதங்களையும் தொடையில் வைத்து நீவி, அழகையாவிடம் நீட்டினாள்.

முதல் காகிதத்தைப் பார்த்து அவர் உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவதையும் ஒதுக்கி வைத்தார். மூன்றாவதில் அவர் விரல் நின்றுவிட்டது.

“ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி முப்பத்தெட்டு, மார்ச் ஒம்பது. இராக்கம்மா, வீரசிங்கம் மகள், வயசு பன்னெண்டு, மூணாம் லயம், பூச்சி மருந்து. பழைய டாக்டரு கையெழுத்தும் இருக்கு.”

இராக்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கறையான் தின்னுருச்சுன்னு சொன்ன புத்தகத்தத்தான் நம்ம டாக்டரய்யா குப்பைன்னு நெனச்சுக் கிழிச்சுக் கிழிச்சு நமக்கே மடிச்சுக் குடுக்குறாரு,” என்று அழகையா அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்தினார். “இன்னும் நாப்பத்தோரு பேருக்குப் பேரு கெடைக்கல. அவங்களுக்கெல்லாம் அடுத்த செவ்வாய்க்கெழமையும் வயித்து வலி வரணும்னு சொல்லிரு.”