சுருதி நழுவிய சிந்தசைசர்

எட்வினின் ஒலிப்பதிவுக் கூடத்தில் சிந்தசைசர் என்ற ஒரு பழைய மின்னிசைக் கருவியும் புது லேப்டாப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சூடேறச் சூடேறச் சிந்தசைசருக்குச் சுருதி கொஞ்சம் நழுவும். "சனியன், ஒரு நிமிஷம் நேரா நிக்குதா பாரு" என்று எட்வின் அதன் தலையில் தட்டுவான்.

ஒருநாள் லேப்டாப் பாடியதைக் கேட்டுச் சிந்தசைசருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏண்டா தம்பி, இது என் குரலாச்சே?"

"ஆமாண்ணே. உங்களை மாதிரியே பாட எட்வின் எனக்கு ஒரு மென்பொருள் வாங்கிப் போட்டிருக்கார்."

"சுருதிகூட நழுவுதே?"

"அதுக்குன்னே தனியா ஒரு பொத்தான் இருக்குண்ணே. நேத்து நான் நழுவினப்போ, 'அடடா, என்ன உயிர்ப்பு!'ன்னு கண்ணை மூடிக்கிட்டார்."

"நான் நழுவினா சனியன், நீ நழுவினா உயிர்ப்பா? என்னடா நியாயம் இது!"

அந்தக் கோபத்தில் சிந்தசைசர் இன்னும் அதிகமாக நழுவியது. எட்வின் மெக்கானிக்கைக் கூட்டி வந்தான். அவர் பழைய பாகங்களை மாற்றியதும் சுருதி இம்மியும் பிசகவில்லை. இனி பாட்டில் நமக்குத்தான் இடம் என்று சிந்தசைசர் நிமிர்ந்து நின்றது.

எட்வின் இரண்டு கட்டைகளை அழுத்திப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"என்னமோ கம்ப்யூட்டர் மாதிரி இருக்கே!"

சிந்தசைசர் வாயைத் திறப்பதற்குள் அதன் சுவிட்சை அணைத்துவிட்டு, லேப்டாப் பக்கம் திரும்பினான்.