பத்து நிமிஷம்

"மசூதி முன்னால மேளம் ஒரு நிமிஷம்கூட நிக்காது சார். எழுதிக்குங்க."

கடலூரில் இன்ஸ்பெக்டர் தட்சிணாமூர்த்தியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இப்படிச் சொன்னவன், பிள்ளையார் ஊர்வலக் குழுத் தலைவன் அருண்பாண்டியன்.

சென்ற ஆண்டு உள்ளூர் பேண்டு, போலீஸ் கையைக் காட்டியதுமே அடங்கிவிட்டது. மறுநாள் கதிர்வேல் கோஷ்டி இவன் வீட்டுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல் அனுப்பியது. இந்த ஆண்டும் மேளம் நின்றால் தலைவர் பதவி கதிர்வேலுக்குத்தான். அதனால் சிதம்பரம் வரை போய், 'ஸ்ரீ நடராஜா பேண்டு செட்' என்ற பலகையைப் பார்த்ததுமே பேசி முடித்து, மாஸ்டரையும் கையோடு அழைத்து வந்திருந்தான்.

டீ வந்தது. நரைத்த மீசை மாஸ்டர் மட்டும் வேண்டாமென்று கையசைத்தார்.

"நோன்பு மாசம்ப்பா. நீங்க அங்க வர்றப்ப அவுங்க நோன்பு தொறக்கிற நேரம். பத்து நிமிஷம் நிறுத்தினா என்ன கொறஞ்சிடும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அருண்பாண்டியன் சரித்திரத்தையே இழுத்துவந்தான். அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி என்றான். கூட்டத்தில் நின்றால்கூட முகத்தைப் பார்த்தே தன்னால் சொல்லிவிட முடியும் என்றான். இன்றைக்கு மேளம் என்பார்கள், நாளைக்குக் கோயில் மணி என்பார்கள். நடுநடுவே, "நீங்களே சொல்லுங்க மாஸ்டர்" என்று சாட்சிக்கு அழைத்துக்கொண்டான்.

மாஸ்டர் ஒன்றுதான் சொன்னார். "ஆறு மணிக்குள்ள அந்தத் தெருவத் தாண்டிட்டா தேவல தம்பி."

"நீங்க ஏன் பயப்படுறீங்க? நம்மாளுங்க ஐந்நூறு பேர் வர்றோம். கரெக்டா நோன்பு தொறக்கிற நேரத்துக்கே அங்க நிக்கிறோம்."

மேலிடத்திலிருந்து ஒரு போன் வந்தது. இன்ஸ்பெக்டர் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கூடுதலாக இரண்டு வேன் போலீஸ் கேட்டார்.

ஊர்வல நாள் மாலை, பள்ளிவாசல் வாசலில் மேளம் காதைப் பிளந்தது. அருண்பாண்டியன் பின்னால் வந்த கதிர்வேலைத் திரும்பிப் பார்த்து மீசையை முறுக்கினான். போலீஸார் லத்தியை இறுகப் பிடித்தார்கள்.

உள்ளே பாங்கு எழுந்தது.

மேளம் நின்றது. கிளாரினெட்டிலிருந்து பெரிய டிரம் வரை, பதினான்கும் ஒரே நேரத்தில்.

"மச்சான், போன வருஷத்து வளையல் சைஸேதானே?" என்று பின்னாலிருந்து விசாரித்தான் கதிர்வேல்.

அருண்பாண்டியன் ஓடினான். "யாரு மாஸ்டர் நிறுத்தச் சொன்னது?"

மாஸ்டர் சரிகைத் தொப்பியைக் கழற்றிவிட்டு, தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் பின்னால் பதிமூன்று பேரும் அதையே செய்துகொண்டிருந்தார்கள்.

"பத்தே நிமிஷம் தம்பி," என்று கிளாரினெட்டை அவன் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். "காலையிலேர்ந்து பல்லுல பச்சத் தண்ணி படல. அதான் ஆறு மணிக்குள்ள தாண்டிடலாம்னு அன்னிக்கே சொன்னேன்."