திரைக்கு முதுகு

"கடைசியா ஒரு தடவை கேக்குறேன். யாராவது எட்டிப் பார்த்தீங்களா?"

பெரியம்மா கேட்டதும் அறையில் சிரிப்பு எழுந்தது. ஆய்வுக்குழுவின் தலைவிக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, அவருக்கே அது பழகிவிட்டது.

கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவளும் சிரித்தாள். கன்னம் இழுத்துப் பிடித்துக்கொண்டது.

கணக்குப் போடும் நிரல் அவள் எழுதியது. அதனால் விசையைத் தட்டும் பொறுப்பும் அவள் தலையில்.

புரோட்டான் பம்பரம் மாதிரி சுழல்கிறது. அதற்குள் இருக்கும் குவார்க்குகளின் சுழற்சியையெல்லாம் கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. மிச்சம் எங்கிருந்து வருகிறது? குவார்க்குகளைப் பசைபோல ஒட்டி வைத்திருக்கும் குளுவான்கள் கைகொடுக்கின்றனவா, எதிர்ப்பக்கம் இழுக்கின்றனவா?

கைகொடுத்தால் பிளஸ். இழுத்தால் மைனஸ்.

இந்த ஒரு குறிக்காக மூன்று வருடம். புரோட்டான்களை நேருக்கு நேர் மோதவிட்டு, சிதறி வந்ததையெல்லாம் சலித்துச் சலித்து, எல்லோருக்கும் கண் பூத்துப் போயிருந்தது.

விடை எப்போதோ கணினிக்குள் வந்துவிட்டது. ஆனால் நிரல் அதோடு யாருக்கும் தெரியாத ஓர் எண்ணைக் கலந்து வைத்திருந்தது. மனசுக்குப் பிடித்த விடையின் பக்கம் கை தன்னையறியாமல் கணக்கைத் தள்ளிவிடும் என்ற பயம்தான். எல்லாச் சோதனையும் முடிந்து எல்லோரும் கூடிய பிறகுதான் அந்த எண்ணைக் கழிக்க வேண்டும். இதைப் பெட்டி திறப்பது என்பார்கள். பெட்டி என்று எதுவும் கிடையாது. நிரலில் ஒரே ஒரு வரி.

முன்கூட்டியே ஒருவர் விடையைப் பார்த்துவிட்டாலும் போச்சு. நான்கு பேர் உழைப்பும் குப்பைக்கு. பார்த்தவரை அதன் பிறகு எந்தக் குழுவும் வாசலில்கூட நிற்கவிடாது.

வெள்ளைப் பலகையில் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. தோற்றவர் எல்லோருக்கும் காப்பி வாங்கித் தர வேண்டும். மீசைக்காரன் பிளஸ் போட்டிருந்தான். அவனை வெறுப்பேற்றவே புதிதாகச் சேர்ந்தவள் மைனஸ் போட்டிருந்தாள்.

அவள் எதுவும் போடவில்லை.

"அக்காவுக்குக் காப்பிக் காசு மிச்சம்," என்றான் மீசைக்காரன்.

இரண்டு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் தட்டைத் தள்ளிவைத்தபோது, "விடை தெரியுற வரைக்கும்தாம்மா இந்தப் பதற்றம். அப்புறம் பாரு, நிம்மதியா தூங்குவ," என்று கணவன் தோளைத் தட்டினான். அவள் எழுந்து போய்க் கை கழுவினாள்.

பெரியம்மா வழக்கம்போல் திரைக்குப் பக்கத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். பெட்டி திறக்கும் ஒவ்வொரு முறையும் அவர் இப்படித்தான், திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். ஊரையே உருட்டி மிரட்டுகிறவருக்கு ஓர் எண்ணைப் பார்க்கப் பயம் என்று எல்லோருக்கும் கேலி.

"தட்டும்மா."

விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு தட்டினாள்.

திரை ஒரு கணம் வெறுமையாக இருந்தது.

பிறகு எண் வந்தது. முன்னால் சின்னதாக, தெளிவாக, பிளஸ்.

மீசைக்காரன் மேசையைக் குத்தினான். புதியவள் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். கைதட்டலில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அவள் மட்டும் திரையை இன்னும் நெருங்கிக் குனிந்தாள்.

"அன்னைக்கு மைனஸ்லதானே இருந்துச்சு..."

முணுமுணுப்புதான். அந்தச் சத்தத்தில் அது அவள் காதுக்கே சரியாக எட்டவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது.

நிமிர்ந்தாள்.

திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பெரியம்மாவின் முகம் நேர் எதிரே இருந்தது. அறையில் இருந்த ஒவ்வொரு முகமும் அவருக்கு நேர் எதிரேதான் இருந்தது. எப்போதுமே அப்படித்தான் இருந்திருக்கிறது.

பெரியம்மா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"என் பங்குக்கு நானும் ஒரு எண்ணைக் கலந்து வெச்சிருந்தேன். இன்னைக்குக் காலையிலதான் எடுத்தேன். நீ பார்த்தது விடையே இல்ல."

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"கை தட்டும்மா. எல்லாரும் தட்டுறாங்க."