தாய்மாமன் செய்த காத்தாடி

“இன்னைக்கு உன் பிள்ளைய மடியில வச்சுக் காதுகுத்த நான் வரமாட்டேன். உன் புருசன் சமஸ்தானத்துச் சேவகர்னா, தாய்மாமனை வெத்தலைபாக்கு வச்சு நேர்ல அழைக்காம ஆள்விட்டுச் சொல்லிவிடுவாரா?” என்றார் வீரய்யா.

“நீ வரவேணாம்ணே. பிள்ளை அழுவுது, ஒரு ஓலைக் காத்தாடி மட்டும் செஞ்சு குடு,” என்றாள் தங்கை சந்தனம்.

அவளோடு திருமயத்திலிருந்து வந்திருந்த பெரியவர், “செய்யிற விதத்தை நானும் பாத்துக்கிறேங்க. எங்க வீட்டுலயும் பேரப்பிள்ளைக இருக்கு,” என்று அருகில் உட்கார்ந்தார்.

விளக்கம் கேட்க ஆள் கிடைத்துவிட்டால் வீரய்யாவுக்குக் கோபம் மறந்துபோகும். தங்கை மகளான மருமகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“ரெண்டு ஓலையக் குறுக்கால வச்சு, நடுவுல கருவேல முள்ளைக் குத்தணும். முனைய எதிரெதிரா மடக்கணும். இல்லைன்னா காத்து சும்மா தாண்டிப் போயிரும், சுத்தாது. இப்ப ஊதுறேன் கண்ணு, அசையாமப் பாரு.”

காத்தாடி சுழன்றது. பிள்ளை வாயைப் பிளந்து பார்த்தது. அடுத்த நொடி வீரிட்டு அழுதது.

பெரியவர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் நகை ஆசாரி.

“ஒரு காது முடிஞ்சிருச்சுண்ணே,” என்றாள் சந்தனம். “இப்ப நீ எந்திரிச்சுப் போனா, உன் மருமக ஒத்தத் தோட்டோட நிப்பா.”

வேலிக்கு அப்பால் ஒரு சேவகர் தலைப்பாகை எட்டிப் பார்த்தது. வீரய்யா அதை முறைத்தார். பிறகு பிள்ளையை மறுபக்கமாகத் திருப்பி உட்காரவைத்தார்.

“மாப்பிள்ளைய இங்கிட்டு வரச்சொல்லு. நான் ரெண்டு கையாலயும் பிள்ளையப் பிடிக்கணும். காத்தாடிய அவரு ஊதட்டும்.”