குட்டி சென்சார்

"முகத்தைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பு. கண்ணு மட்டும் இங்க இருக்கட்டும்."

மனைவி திருப்பினாள். லிஃப்ட் மெக்கானிக் ஸ்டாண்டில் நின்ற பெரிய கேமராவில் கண்ணைப் பதித்தான். அது அவனுடையது அல்ல, பல் டாக்டரிடம் இரவல் வாங்கி வந்தது.

இரவல் வாங்கிய விதத்தை நினைத்தால் அவனுக்கு இப்போதும் உடம்பு கூசியது. போன வாரம் போட்டோ குரூப் ஆட்கள் கூடிய இடத்தில், அவன் ஆசை ஆசையாய் வாங்கிய கேமராவை டாக்டர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"புது மாதிரி மிரர்லெஸ் கேமராதான், இல்லேங்கல. ஆனா உள்ள படம் பதியிற சென்சார் குட்டி. என்னோடதுல பாதிகூட வராது. வெளிச்சம் கொறைஞ்சா படமெல்லாம் புள்ளி புள்ளியா பொரிஞ்சுடும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று முதல் குரூப்பில் அவன் பெயரே 'குட்டி சென்சார்' ஆகிப்போனது. நடுவழியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் ஏசுவதெல்லாம் அவனுக்குக் காதோடு போய்விடும். இந்தச் சிரிப்பு மட்டும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"வேணும்னா என்னோடதை ஒரு நாள் வெச்சு எடுத்துப் பாருங்க. திங்கக்கிழமை காலைல கைக்கு வந்துடணும்" என்று நேற்று டாக்டர் நீட்டினார். தலையைக் குனிந்துகொண்டு வாங்கி வந்தான். ஆக, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இந்த ஒரு ஞாயிறுதான்.

ஊரில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மாமனாரைப் பார்க்கப் போவதாக இருந்ததும் இதே ஞாயிறுதான். 'தனியா எதுக்குப் போற, சேர்ந்தே போகலாம்' என்று அவளை நிறுத்தி வைத்தவனும் அவனே. காலையில் அவள் தலை பின்னிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றான்.

"அடுத்த வாரம் கண்டிப்பா போயிடலாம். இது என் மானம் போற விஷயம், புரிஞ்சுக்க."

"சரிங்க" என்றாள். பாதி பின்னிய தலையை அப்படியே முடிந்துகொண்டு, அவன் எடுத்துப் போட்ட நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

பெரிய கேமராவில் எடுத்து முடித்ததும் அதைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை மாட்டினான். நடுவில் அவள் போன் அதிர்ந்தது.

"யாரு?"

"அண்ணன்."

"அப்புறம் பேசிக்கலாம். இப்ப அசைஞ்சா எல்லாம் கெட்டுடும்."

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். அவன் ஜன்னல் திரையைப் பாதி இழுத்து அறையை மங்கலாக்கினான். குட்டியின் குட்டு வெளிப்படுவது இருட்டில்தான் என்பார்கள். அதையும் பார்த்துவிட வேண்டியதுதான். முதலில் குட்டியில் எடுத்தான், பிறகு பெரியதை மறுபடி மாட்டி அதிலும் எடுத்தான்.

கம்ப்யூட்டரில் மங்கலில் எடுத்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினான். அவள் பின்னால் இருந்த சுவர் பெரிய கேமராவில் கொஞ்சம் கூடுதலாக மங்கிக் கரைந்திருந்தது. குட்டியில் நிழல் விழுந்த மூலையில் லேசாகப் பொரிந்திருந்தது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். முகத்தில் கடுகளவும் வித்தியாசம் இல்லை. இமை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். கருவிழிக்குள் ஜன்னல் கம்பிகூடத் தெரிந்தது. கண்ணில் அப்படி ஒரு மினுமினுப்பு.

கை பரபரத்தது. எது எதில் எடுத்தது என்று சொல்லாமல் இரண்டையும் குரூப்பில் போட்டான். 'எது பெருசு, எது குட்டி? கண்டுபிடிங்க.'

பேக்கரிக்காரர் முதலில் வந்தார். 'முதல் படம்தான் பெருசு. பின்னாடி சுவரைப் பாருங்க.' வக்கீல் விடவில்லை. 'கண்ணைப் பாருங்க சார், சுவரை எதுக்குப் பாக்கறீங்க? ரெண்டாவதுதான் பெருசு. அந்தப் பளபளப்பு குட்டில வரவே வராது.' ஆளாளுக்கு மூக்கின் நிழல், காதோர முடி, கன்னத்தின் நிறம் என்று அலசினார்கள். கடைசியில் டாக்டர் தீர்ப்புச் சொன்னார். 'ரெண்டாவதுதான் என்னோடது. கண்ணுல என்ன ஒரு உயிர்.'

இரண்டாவது படம், குட்டி எடுத்தது.

ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த மூச்சை அவன் விட்டான். உண்மையைச் சொன்னதும் டாக்டர் ஒரு கும்பிடு போட்டார். 'தோத்துட்டேன். இனிமே அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம்.' குனிந்த தலை நிமிர்ந்துவிட்டது.

"இங்க வாயேன்."

அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நீயே சொல்லு. ரெண்டுல எது எதுன்னு தெரியுதா?"

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இதையா குரூப்ல போட்டீங்க?"

கலைந்த தலையும் வீட்டு உடுப்புமாக இருந்ததைப் பிறத்தியாருக்குக் காட்டிவிட்டதில் அவளுக்குக் கூச்சம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டான்.

"அட, நல்லாத்தான் இருக்கு. நாப்பது பேர் பார்த்துட்டாங்க. இமை முடியைக்கூட விடாம பெருசாக்கிப் பார்த்திருக்காங்க. எல்லாருக்கும் உன் கண்ணுதான் பிடிச்சிருக்கு."

அவள் திரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. குரலும் உயரவில்லை.

"நான் அழுதுட்டிருக்கேன்னு அத்தனை பேர்ல ஒருத்தருக்குமா தெரியல?"