ஆயிரம் வருடத்துக்கு முந்திய கிரகணம்

1934. கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் ஒரு வாடகை வீட்டில் கணக்கு வாத்தியார் அம்பலவாணர், ஆயிரம் வருடங்களுக்கு முந்திய கங்கண கிரகணம் ஒன்றைச் சிலேட்டில் கணித்துக்கொண்டிருந்தார். சந்திரன் நடுவே மறைக்க, சூரியன் வளையமாகத் தெரியும் கிரகணம். முடிந்துபோனதைக் கணிப்பதால் யாருக்கும் தீங்கில்லை என்பது அவர் எண்ணம். கண்டியில் வளையம் தோன்றிய நேரம் விடையாக வந்தது. அதை எழுதினார்.

"இஞ்சாருங்கோ, இந்த வெயிலைப் பாருங்கோ."

முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி அன்னலட்சுமிதான் கூப்பிட்டாள். அவளுக்கு ஏழாம் மாதம். பலா இலைகளுக்கிடையே விழுந்த வெயிற்பொட்டுகள் எல்லாம் வளையங்களாக இருந்தன. அவள் சேலையிலும் வளையங்கள். பஞ்சாங்கத்தில் அந்த வருடம் இங்கே கிரகணமே இல்லை.

"உள்ளுக்கு வாரும். பிள்ளைத்தாச்சி வெளியிலை நிக்கப்படாது."

கதவையும் யன்னல்களையும் அடைத்தார். சிலேட்டிலிருந்த கணக்கு முழுவதையும் துடைத்தார். பிறகு யன்னல் இடுக்கால் பார்த்தார். வெயிற்பொட்டுகள் பழையபடி முழுதாக இருந்தன.

"கிரகணம் விட்டிட்டுது," என்றார்.

அன்னலட்சுமி குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். இருட்டறையில், அவள் வயிற்றின் மேல் ஒரேயொரு வளையம் ஒளிர்ந்தது. கையால் மூடிப் பார்த்தாள். வெளிச்சம் விரல்களுக்குக் கீழிருந்து வந்தது.

"இது எப்ப விடும்?" என்று கேட்டாள்.

அவர் கையில் வெறும் சிலேட்டு இருந்தது.